கூட்டக் குறிப்பு

செவ்வாய் இரவு ஏழரை மணி.
ஆரம்பப் பள்ளியின் குட்டி நாற்காலிகளில்
முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.
வருகை: அறுபத்து மூன்று பேர் என்று எழுதினேன்.
நனைந்த கம்பளிச் சட்டைகளின் ஆட்டு வாடையை
எந்தத் தலைப்பில் எழுதுவது?

கால்வே நகரத்திலிருந்து டெக்லன் வந்திருந்தார்.
நான்கு மேசைகளைச் சேர்த்து
எங்கள் ஊரை விரித்தார்.
இருபது வருடத்தில் மூன்று மடங்காகும் என்றார்,
நோயின் பெயரைச் சொல்லும் மருத்துவரைப்போல
குரலைத் தாழ்த்தி.

ஆளுக்கு ஐந்து குண்டூசி.
சிவப்பு வீட்டுக்கு, நீலம் கடைகண்ணிக்கு,
மஞ்சள், உங்கள் ஆசை எதுவோ அதற்கு.
எவரும் எழுந்திருக்கவில்லை.
முதல் ஊசியைக் குத்துகிறவர்
அந்த நிலத்துக்காரரோடு
ஆயுசுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது
என்பது டெக்லனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் ஆறு வயது கையோதான் போனான்.
வரைபடத்தில் தன் வீட்டைத் தேடிப் பிடித்து
ஐந்தையும் அதன் கூரையிலேயே குத்தினான்.
சிரித்தோம்.
சிரித்த வேகத்தில் எழுந்துவிட்டோம்.

பிறகு ஒரே இரைச்சல்.
பேருந்து ஏன் ஆறு மணிக்கு மேல் வருவதில்லை,
மூடிய தபால் அலுவலகத்தை எவன் வாங்கினான்,
சாக்கடை இப்போதே நிரம்பி வழிகிறதே.
மாலக்கி கைத்தடியை வரைபடத்தில் ஊன்றினான்:
"இங்கே நாற்பது வீடு வரைந்திருக்கிறீர்கள்.
ஜூலையில் பார்த்தீர்கள், புல்வெளி.
டிசம்பரில் வாருங்கள், படகோடு.
அன்னப் பறவைகளிடமும் கருத்துக் கேளுங்கள்."
நான் எழுதியது:
வடிகால் குறித்து ஓர் உறுப்பினர் கவலை தெரிவித்தார்.

அட்ராக்டா கேட்டாள்,
"இவ்வளவு வீடும் யாருக்காக?"
பின்வரிசையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
இறைச்சித் தொழிற்சாலையின் இரவு வேலைக்கு
உடை மாற்றியே வந்திருந்த பிரேசில்காரர்கள்
அந்தப் பார்க்காமையைப் பார்த்தார்கள்.
பேனாவை மூடினேன். மறுபடி திறந்தேன்.

கையோவின் அம்மா எழுந்தாள். ஜுசேலியா.
பதினான்கு வருடமாக இங்கே இருப்பவள்.
எங்கள் கூட்டத்தில் அவள் குரலை
அன்றுதான் கேட்டேன்.
"முந்நூற்று நாற்பது வீடு எண்ணினேன்.
புதைக்க இடம் எங்கே வரைந்தீர்கள்?
பிப்ரவரியில் என் கணவரை வைத்தோம், சுவரோரம்.
பக்கத்தில் எனக்கு இடமில்லை என்கிறார்கள்."

ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்கள்.
விழுந்தது. கேட்டது.

குழிவெட்டும் ஃபின்டன் தொப்பியைக் கழற்றினான்.
"பதினொன்றுக்குத்தான் இடம்" என்றான்,
தரையைப் பார்த்து,
ஏதோ அவனே தின்று தீர்த்ததுபோல.
உடனே மனசுக்குள் எல்லோரும் எண்ணத் தொடங்கினோம்.
யார் யார், எந்த வரிசையில்.
நானும் எண்ணினேன். நான் எட்டாவது.

டெக்லன் தாள்களைப் புரட்டினார்.
பூங்கா இருந்தது, சைக்கிள் பாதை இருந்தது,
மின்சாரக் காருக்கு ஆறு நிறுத்தம் இருந்தது.

அட்ராக்டா மேசைக்குப் போனாள்.
தன் மஞ்சள் ஊசியைக்
கல்லறைச் சுவருக்குக் கிழக்கே,
மூன்று ஏக்கரின் நடுவில் குத்தினாள்.
அது அவளுடைய நிலம்.
வீட்டு மனையாக விலைபோகும் என்று
ஒன்பது வருடமாக அவள் காத்திருந்த நிலம்.
"இலவசம் என்று எவரும் எழுதிவிடாதீர்கள்" என்றாள்,
என்னைப் பார்த்து.
ஜுசேலியாவைப் பார்க்கவில்லை.
ஆனால் திரும்பும்போது
பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள்;
அங்கேதான் நாற்காலி காலியாக இருந்தது என்று
பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்பதரைக்குக் காவலாளி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான்.
ஏழாவது பொருள்: மயானம்.
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
எழுதிப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது,
ஒத்திவைக்க முடிகிற காரியமா அது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது
விரலில் குத்தியது.
என் ஐந்து ஊசிகளும் பையிலேயே.
எழுதிக்கொண்டே இருந்ததில்
என்னை யாரும் கேட்கவில்லை.
நானும்தான் கேட்கவில்லை.