இரண்டு புள்ளிகள்

மூணு மணிக்கு வண்டியை மேற்கே பார்த்து நிறுத்தினேன்.
காவேரிப்பட்டணத்துச் சித்திரை வெயில் போதும்,
ஹீட் கன் எல்லாம் வேண்டாம் என்றார்
ஸ்டிக்கர் கடைக்காரர்.
அவரே உரித்துத் தந்தால் ஆயிரத்தெண்ணூறு.
"ஃபைபர் பாடிம்மா. பிளேடு வைக்காதீங்க.
தின்னர் ஊத்தினா பளபளப்பு செத்துரும்.
பொறுமையா, நகத்தால."

மாம்பழப் படத்துக்கே நகம் உடைந்துவிட்டது.
பையைத் துழாவினேன்.
எங்கள் கூட்டுக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு.
கணக்கைப் போன ஆடியிலேயே மூடியாயிற்று.
பின்பக்கம் அவள் பேனாவால் எழுதிவைத்த
ரகசிய எண், பாதி அழிந்து.
சாய்த்துப் பிடித்துத் தள்ளினால்
அழகாகப் போகிறது அடியில்.

காம்பு தனியாக, இலை தனியாக வந்தன.
சப்போட்டா வந்தது. நன்னாரி வந்தது.
செல் நம்பரில் எட்டு மட்டும் அடம்பிடித்தது.
முனிரத்னாவை விட்டுவிட்டேன், அது நான்.
அடுத்து ஷம்ஷாத்.

ஒட்டிய அன்று சிரித்தாள்:
"உன் பேரு நீளம், என் பேரு சுருள்.
அடிக் கணக்குல காசுன்னா
எனக்குத்தான் லாபம்."

சண்டை என்று எதுவும் இல்லை.
நாலாயிரத்து எழுநூறு ரூபாய்.
நோட்டில் அவள் எழுதிய ஒரு வரி,
அதன்மேல் நான் போட்ட ஒரு கோடு.

ஷவின் சுருளுக்குள் சூடு ஏறவில்லை.
இழை இழையாய் அறுந்து வந்தது,
இரண்டாவது ஷ அதைவிட மோசம்.
கடைசியில் மெய்யெழுத்துப் புள்ளிகள்.
ஒன்று கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது,
உதறினால் சுண்டுவிரலுக்குப் போனது.
இன்னொன்றைக் காணோம்.

மிச்சப் பசைக்கு நீலகிரித் தைலம்.
வண்டி முழுக்க
ஜலதோஷம் பிடித்த வீட்டு வாசனை.
துடைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்று பார்த்தால்
ஷம்ஷாத் அங்கேயே இருக்கிறாள்.
நாலு வருஷ வெயிலில் மற்றதெல்லாம் பழுப்பேறியிருக்க
அவள் எழுத்து மூடியிருந்த இடம் மட்டும்
வண்டி வாங்கின அன்றைய வெள்ளை.
சிவப்பாய் இருந்தபோதுகூட
இவ்வளவு தூரத்துக்குத் தெரிந்ததில்லை.

"அது போகாதும்மா.
வெயிலாப் பாத்துச் சமன் பண்ணினாத்தான் உண்டு.
ரெண்டு மூணு கோடை ஆகும்.
இல்ல, மேல புதுசா ஒண்ணு ஒட்டிரலாம்,
என்ன எழுதட்டும்?"
பார்க்கலாம் என்றேன்.

விடிகாலையில் சந்தூர்ப் பக்கம்
பழம் எடுக்கப் போகிற வழியில்
பங்கில் டீசல் போடுகிற பையன்
குனிந்து எழுத்துக் கூட்டினான்.
"ஷம்... ஷாத். அந்த அக்கா வரலையா?"

பின்னால வர்றா, என்றேன்.
மீதிப் பணத்தை வழக்கம்போல்
இரண்டு தடவை எண்ணினேன்.
ஒரு பத்து ரூபாய் நோட்டு
கட்டைவிரலை விட்டு வர மறுத்தது.