வெளியூர்ப் பயணம்

தினமும் காலை பத்தரைக்கு
ராயக்கோட்டை ஸ்டேஷனில் கையெழுத்து.
பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும்.
கிருஷ்ணகிரி மாவட்டத்தை விட்டு
வெளியே போகக் கூடாது.
இந்த மூன்றுக்கும் சரியென்றால் ஜாமீன்.

கிலோ ரெண்டு ரூபாய்க்குக் கேட்ட அன்று
நாற்பது கிரேடு தக்காளியை
நடுரோட்டில் கொட்டினோம் பதினோரு பேர்.
அதில் நான் ஏ-3.
பஸ் சக்கரம் ஏறித் தார் சிவந்து கிடந்ததைப்
பொதுச்சொத்துக்குச் சேதம் என்று எழுதியிருந்தார்கள்.
எங்கள் சொத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

பாஸ்போர்ட் ஏது எனக்கு?
இல்லாததை எப்படி ஒப்படைக்கிறது?
இல்லை என்று சத்தியம் செய்து கொடு என்றார்
வக்கீல் சம்பங்கி.
பத்திரம் இருபது, நோட்டரிக்கு இருநூறு.
போகாத துபாய், போகாத சிங்கப்பூர்
எல்லாவற்றுக்கும் சேர்த்து
கெம்பம்மா என்று ஐந்தெழுத்துப் போட்டேன்.

மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டது.
என் வாசல் கிருஷ்ணகிரி.
புழக்கடையிலிருந்து நூற்றிருபது அடி நடந்தால்
கிணறும் முக்கால் ஏக்கரும்
தர்மபுரி.
ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில்
மாமனார் வெட்டிய கிணறு.
பிறகு பிரித்தார்கள்.
ஓடைக்கு நடுவில் கோடு போனது.
தண்ணீரிடம் யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்த முதல் வாரம்
ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று
அந்தப் பக்கம் நாற்று வாடுவதைப் பார்த்தேன்.
எருமை தாண்டிப் போய் மேய்ந்தது.
அதன் மேல் வழக்கு இல்லை.
கூப்பிட்டால் திரும்பி ஒரு பார்வை,
பிறகு அசைபோடல்,
அரசு வக்கீல் மாதிரி.

நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போட்டோம்.
தலைமறைவாகிவிடுவார், கனம் நீதிபதி அவர்களே
என்றது அரசுத் தரப்பு.
எங்கே, கிணற்றுக்குள்ளா? என்றார் சம்பங்கி.
கோர்ட்டில் இரண்டொருவர் சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை.
அப்படி மறைந்தவர்கள் எங்கள் பக்கம்
போன வருஷம் மட்டும் இரண்டு பேர்.

இவர் மேல் குற்றம் சாட்டியிருக்கிறீர்கள்,
இன்னும் நிரூபிக்கவில்லை;
செடிக்கு மட்டும் ஏன்
தீர்ப்புக்கு முன்னாலேயே தண்டனை?
சம்பங்கி கேட்டதில்
இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

இரண்டு வாய்தா. மூன்றாவதில் உத்தரவு:
மனுதாரர் விவசாயப் பணிக்கு
அண்டை மாவட்டம் சென்று வரலாம்.
ஒவ்வொரு முறையும் புறப்படும் முன்
காவல் நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும்.

எங்களுக்கு மும்முனை கரண்ட் வருவது
ராத்திரி ஒன்றரைக்கு.

ஒன்றரைக்குப் போன் போட்டேன்.
ஏழெட்டு மணி அடித்து ஏட்டு எடுத்தார்.
ஏ-3 பேசறேங்க. தர்மபுரி போறேன்.
எதுக்கு?
மோட்டார் போட.
நாலரைக்கு மறுபடியும்:
கிருஷ்ணகிரி வந்துட்டேங்க.
வந்ததைச் சொல்ல உத்தரவில் இல்லைதான்.
போனவள் திரும்பினாளா என்று
யாருக்காவது தெரியட்டுமே.

ஒன்பதாம் நாள் ஏட்டு கெஞ்சினார்:
அம்மா, சொல்லாமலே போயிட்டு வாங்க.
எழுதிக் கொடுங்க என்றேன்.

இன்னும் கொடுக்கவில்லை.
ஓடைக்கரையில் நிற்கிறேன்,
ஒரு கையில் டார்ச், ஒரு கையில் போன்.
மணி ஒன்று இருபத்தெட்டு.