நீல நாடா கட்டிய மரம்

இலை கொட்டி முடிந்த சரிவில்
நாலு பேர் நுழைந்தோம்.
லூசியனிடம் ரம்பம்.
டெல்ஃபினிடம் ஆரஞ்சுப் பெயின்ட் டப்பா.
என்னிடம் காப்பி.
ஆம்ப்ரோஸ் கையில் முதலாளி கொடுத்த வரைபடம்;
அதில் மரங்களே இல்லை.

கீழே, லிஃப்டுக்கு அடியில்
பெரிய பார்க் இருக்கிறது.
அங்கே எந்திரம் ஏறும்,
டீசலைக் குடித்துவிட்டு
இரவெல்லாம் பனியைக் கோதிவிடும்.
இங்கே அது நுழையாது.
இரண்டு மேப்பிள்களுக்கு நடுவே
ஒரு ஆள், ஒரு பலகை,
உள்ளிழுத்த ஒரு மூச்சு:
அவ்வளவுதான் இடம்.
எல்லாம் கைவேலை.
மண்ணையே பார்க்காத மண்வெட்டிகள்
குளிர்காலம் முழுக்க.

மூன்றாவது தாவலுக்கு நேர் எதிரே
வந்து இறங்க வேண்டிய இடத்தில்
ஒரு பீச் மரம்.
யானைத்தோல் பட்டை.
ஆளுயரத்துக்கு மேலே
ஐந்தைந்தாகக் கீறல்கள்.
கொட்டை தின்ன வந்த கரடி
ஏறியதற்கு ஒன்று
இறங்கியதற்கு ஒன்று என்று
கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறது.
இடுப்பில் நீல நாடா.
வனத்துறைக்காரி கட்டியது.
தொடக்கூடாது.

லூசியன் ரம்பத்தை அணைத்தான்.
"ஒரே ஒரு மரம்தானே" என்றான் ஆம்ப்ரோஸ்.
காப்பியை ஊற்றிக் கொடுத்தேன்,
வேறென்ன செய்வது.
டெல்ஃபின் மட்டும்
விலை பேச வந்தவள்போல
மரத்தை மூன்று முறை சுற்றினாள்.
பிறகு பூட்ஸின் குதிகாலால்
சருகில் ஒரு கோடு இழுத்தாள்:
நேராக வந்து
இடப்பக்கம் ஒடிந்து
மரத்தின் தோளில் படாமல் நழுவி.
"பாதை கொஞ்சம் குடிச்சிருக்குன்னு வெச்சுக்குங்க."

நவம்பரில் காப்பீட்டுக்காரர் வந்தார்,
மஞ்சள் அளவுநாடாவோடு.
மரத்துக்கும் மரத்துக்கும் இடையே
எத்தனை அடி என்று எழுதிக்கொண்டார்.
கரடியைப் பற்றி
அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை.

ஜனவரி.
நெற்றி விளக்குகளின் வட்டத்துக்குள்
பனி அள்ளினோம்.
காட்டுக்குள் விழுவது போதாமல்
பாதையோரத்திலிருந்து
பிளாஸ்டிக் சறுக்குத் தொட்டியில் இழுத்து வந்தோம்.
மிதித்து, தட்டி, சீவி,
இரவு உறையட்டும் என்று விட்டுப் போனால்
காலையில் ஒரு முயல்
தாவல் மேட்டின் உச்சிவரை வந்து
யோசித்து
திரும்பிப் போன தடம்.

காற்றில் சாய்ந்து கிடந்த பிர்ச்சைத்
தோலுரித்து
இரண்டு முளைகள்மேல் படுக்கவைத்தோம்.
அதன்மேல் வழுக்கிப் போகலாம்.
விளக்கொளியில் அது
வெந்த பனங்கிழங்கு நிறத்தில் இருந்தது என்று
எழுதத் தோன்றுகிறது; இல்லை,
லூசியனின் பொய்ப்பல் நிறத்தில் இருந்தது.

திறந்த அன்று முதல் ஆள்
பள்ளிப் பேருந்து ஓட்டும் கோரா மெஸ்ஸியர்.
ஐம்பத்தெட்டு வயது, கடன் வாங்கிய பலகை.
முதல் தாவல், சரி.
பிர்ச், சரி.
மூன்றாவதில் எழும்பி
நாங்கள் இழுத்த வளைவை மறந்து
நேரே போய்
பீச் மரத்தைக் கட்டிப்பிடித்தாள்.
கிளைகளிலிருந்து பனி மொத்தமும்
அவள் தலையில்.

ஓடினோம்.
கன்னம் பட்டையோடு ஒட்டியிருக்க
கண்ணைத் திறந்து சொன்னாள்:
"வளைவுல இன்னும் ரெண்டடி வேணும்.
பேருந்தா இருந்தா திரும்பாது."

மறுபடி மண்வெட்டி.

ஜூனில் ஒருநாள் தனியாகப் போனேன்.
எங்கள் மேடுகள் எல்லாம்
ஓடையாகிக் கீழூருக்குப் போய்விட்டன.
பெரணி முளைத்திருந்தது.
பிர்ச் தண்டு மட்டும் நெஞ்சுயரத்தில்,
யாரும் உட்கார முடியாத பெஞ்சு.
அதன் முதுகு நெடுக
பலகை விளிம்புகள் கிழித்த கோடுகள்.
குறுக்கே, ஈரம் காயாமல்,
ஐந்து.

டெல்ஃபினிடம் சொன்னேன்.
"வாயை மூடு" என்றாள்,
"அதுக்கும் நாடா கட்டிடுவாங்க."