இருபது தெத்ரி

எட்டாவது மாடி நுக்ஸார் கதவைத் தட்டியபோது
கையில் குடை வைத்திருந்தார்.
வெளியே மழை இல்லை.
"என் குளியலறையில் பெய்கிறது" என்றார்.
அவ்வளவுதான்.
திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

க்ல்தானியின் இந்தக் கான்கிரீட் அடுக்கில்
ஒன்பதாவது மாடி என்னுடையது.
வாஷிங் மெஷினும் என்னுடையதுதான்,
இன்னும் நான்கு தவணை கட்டிவிட்டால்.

கோச்சாவை வீடியோவில் அழைத்தேன்.
போலந்து எல்லையில், லாரி வரிசையில்
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே
பார்க்காமலே சொல்லிவிட்டான்:
"பம்ப் போயிருக்கும்."
தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாமே
பம்ப் போனதாகத்தான் தெரியும்.

பிளக்கைப் பிடுங்கினேன். குழாயை அடைத்தேன்.
சுவரை விட்டு வர மறுத்ததை
இடுப்பால் முட்டி முட்டி நகர்த்தினேன்.
பின்னால் ஒற்றைக் காலுறை,
மூன்று வருடத் தூசி,
எந்தப் புத்தாண்டிலோ உடைத்த வால்நட்டின் ஓடு.

தண்ணீர் வரும் குழாயின் கழுத்தைத் தடவினேன்: காய்ந்திருந்தது.
கதவின் ரப்பர் வளையத்தை மடிப்பு மடிப்பாய்ப் பிரித்தேன்:
கிழிசல் இல்லை. கொஞ்சம் கறுப்புப் பாசி, என் தலைமுடி.
சோப்புப் பெட்டியிலும் தப்பில்லை.
யார் மீதும் குற்றமில்லை,
தரையில் மட்டும் குளம்.

மருந்துக் கடையில் இரவு வேலை எனக்கு.
எங்கே வலிக்கிறது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.
எப்போது வலிக்கிறது என்றுதான் நான் கேட்பேன்.

தரையைத் துடைத்து
மெஷினுக்கு அடியில் பழைய ரசீதுகளை நெருக்கிப் பரப்பினேன்.
துணி போடாமல் ஓடவிட்டு
ஓட்டின் மேல் கன்னம் வைத்துப் படுத்துக்கொண்டேன்.
தண்ணீர் நிரம்பியது. ஒன்றுமில்லை.
உருண்டது, நின்றது, மறுபக்கம் உருண்டது. ஒன்றுமில்லை.
அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ள அது உறுமியபோது
முன்பக்கம், வலது மூலையில்
ஒரு ரசீது மெதுவாகச் சாம்பல் நிறமானது.

அங்கே ஒரு சின்னக் கதவு.
உள்ளே வடிகட்டியின் மூடி
முழுக்கத் திருகாமல், கோணலாக.
அதன் வளையத்தில் சிக்கிய சிவப்புக் கம்பளி இழை ஒன்று
தண்ணீருக்கு வழி காட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் வடிகட்டி பளிச்சென்று இருந்தது.
மூன்று வருடமாக நான் தொடாத வடிகட்டி.

திரும்பிப் பார்த்தேன்.
கதவோரம் ஜாபா, சிவப்புக் கையுறையோடு.
பன்னிரண்டு வயதுக்கு அவன் பெருமூச்சு பெரியது.

"லிஃப்ட் காசு கேட்கிறதே அம்மா.
நீ பாக்கெட்டைப் பார்க்காமல்தான் துணி போடுவாய்.
இது எனக்காக எடுத்து வைக்கும்."

கட்டிலுக்கடியிலிருந்து தயிர் ஜாடிகள் இரண்டு வந்தன.
ஒன்றில் காசுகள், சோப்பில் குளித்துக் குளித்துப்
புதிதாய் அச்சடித்தவைபோல.
மற்றதில் பட்டன்கள், ஹேர்பின், என் கம்மலின் திருகு.
"இது உன்னுடையது, தொடவில்லை" என்றான்.

இழையை எடுத்தேன். வளையத்தைத் துடைத்தேன்.
உள்ளங்கை சிவக்கும் வரை மூடியைத் திருகினேன்.
அவனும் ஒரு தடவை திருகிப் பார்த்தான்.
புது ரசீதுகள். மறுபடி ஓட்டம்.
இப்போது தரையில் இரண்டு கன்னங்கள்.
உறுமல் வந்தது, போனது.
காகிதம் காகிதமாகவே இருந்தது.
நம்பிக்கை வராமல் இன்னொரு முறை ஓட்டினோம்.

கோச்சா கூப்பிட்டான்.
"பம்ப்தானே?"
"பம்ப்தான்."
"எவ்வளவு ஆயிற்று?"
"இருபது தெத்ரி."
சிரிப்பதற்குள் எல்லையில் வரிசை நகர்ந்துவிட்டது,
ஹாரன் சத்தத்தில் அவன் முகம் உறைந்து நின்றது.

நுக்ஸாரிடம் சொல்ல இறங்கினோம்.
குளியல் தொட்டியில் குடை விரிந்து காய்ந்துகொண்டிருந்தது.
கூரையில் ஈரக்கறை, ஓரங்களில் மஞ்சள்.
நான் வாயைத் திறப்பதற்குள்
"சனிக்கிழமை வெள்ளையடித்துத் தருகிறேன்" என்றான் ஜாபா.
அவர் என்னைப் பார்த்தார். நான் கறையைப் பார்த்தேன்.

திரும்பும்போது லிஃப்ட் எட்டாவது மாடியிலேயே
திறந்து நின்றது.
அவன் பாக்கெட்டில் கை விட்டான்.
படியேறினோம்.