டி டிரைவில் தமயந்தி

கடலூர் முதுநகர் ஐஸ் கம்பெனி.
பழைய கணினிக்குள் கெடிலம் புகுந்து
டிஸ்க் மட்டும் பிழைத்தது.
புதியதில் எல்லாம் ஏற்றியாயிற்று,
பில் மட்டும் வரவில்லை.

திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.
ஜாவா பதினேழு ஒத்துக்கொள்ளாது,
எட்டைத் தேடிப் போட்டேன்.
நாற்பது வரி நாலாகி
"கோப்பு இல்லை" என்றது.

வெளியே லாரி உறுமுகிறது.
"கட்டி கரையுதுங்க" என்கிறார் ஆரோக்கியநாதன்,
வெயிலே நான்தான் என்பதுபோல.

கடைசி வரியில் ஒரு பாதை:
டி டிரைவ், அதற்குள் தமயந்தி.
யார்?
"முன்னாடி பில் போட்ட பொண்ணு.
சம்பளத் தகராறு. நின்னுடுச்சு."

புதியதில் டி டிரைவே கிடையாது.
டிஸ்க்கைப் பிரித்து ஒன்று உண்டாக்கி
அவள் பெயரில் ஃபோல்டர் போட்டு
கோப்பை உள்ளே வைத்தேன்.
பிரிண்டர் கரகரத்தது.

எட்டிப் பார்த்தார் ஆரோக்கியநாதன்.
"அந்தப் பேரை மட்டும் எடுத்துடலாமா?"

எடுத்தா நின்னுடும், சார்.