வேறு அவதானிப்புகள்

பூபாலபிள்ளை குணநாயகம், காக்காச்சிவட்டை.
ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று,
பயிர்ப் பாதுகாப்புக்கு.
தை மழையின் ஈரத்தில் கம் இளகி
பைலில் அவர் படம் ஒருபக்கம் சரிந்திருந்தது.

பொலிஸ் அறிக்கை முன்னமே வந்துவிட்டது.
குற்றப் பதிவு: ஒன்று.
ஒன்பது வருடத்துக்கு முந்தி
இரண்டு போத்தல் கசிப்பு,
ஏழாயிரத்து ஐந்நூறு தண்டம், கட்டியாயிற்று.
வேறு இல்லை.
அந்த "வேறு இல்லை"க்குக் கீழே
அடிமட்டம் வைத்து இழுத்த சிவப்புக் கோடு.

இனி நான் போய்ப் பார்த்து
ஒரு சொல் எழுதவேண்டும், கிராம சேவகர் என்ற முறையில்:
சிபாரிசு செய்கிறேன்,
அல்லது செய்யவில்லை.

சுவர் உடைந்திருந்தது, அதில் பொய் இல்லை.
நெல் மூட்டை மணந்து தும்பிக்கை நுழைந்த ஓட்டையில்
உரப்பை ஒன்று காற்றுக்கு ஊதி ஊதி அமர்ந்தது.
அளந்தேன். ஆறடிக்கு நாலடி.
"வட்டைக்கு வந்து பாருங்க மிஸ்,
மூணு ஏக்கர், குடலைப் பருவம், ஒரு ராவில.
ஆனைவெடி ஆறு குடுத்தாங்க,
நனைஞ்சு நாலு பத்தல்ல.
வெறுங்கையோட எத்தின நாளைக்கு?"
கண் சிவந்திருந்தது. காவல் இருந்த கண்தான்.
எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது,
அதையும் எழுதத்தான் வேண்டும்.

நேசமலர் தேத்தண்ணி கொண்டுவந்தாள், இடக்கையால்.
வலது மணிக்கட்டு கதவுப் பிணைச்சல் போல்
ஒரு பக்கத்துக்கு மட்டும் திரும்பியது.
கேட்டேன்.
"கிணத்தடியில வழுக்கினது" என்றார் அவர்.
அவள் சீனிப் போத்தலை மூடிக்கொண்டிருந்தாள்.

படலைவரைக்கும் நாயைப் பிடிக்க வந்தவள்
நாயிடம் சொல்வதுபோல் சொன்னாள்:
"ஆனை வந்தா இது குலைக்கும், மிஸ்.
வீட்டாளுக்குக் குலைக்காது."
மறுகா, என் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தத்துக்குள்,
"ஒண்டும் எழுதிப்போடாதீங்க."

வெல்லாவெளிப் பொலிஸில்
சிறு முறைப்பாட்டுப் புத்தகம் கேட்டு வாங்கினேன்.
மூன்று இடத்தில் இருக்கிறாள் நேசமலர்.
மூன்று இடத்திலும் ஒரே கையெழுத்து, ஒரே வரி:
இரு தரப்பும் சமாதானம்.
"கோட்டுக்குப் போகாதது பதிவில வராது, தங்கச்சி"
சார்ஜன்ட் நல்ல மனிசன், கதிரை இழுத்துப் போட்டார்.
இந்த நாட்டில் சமாதானத்துக்குப்
பதிவு கிடையாது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.
போத்தல் இரண்டும் ஒன்பது வருடமாய் அழியாமல் நிற்கின்றன.
மணிக்கட்டு வழுக்கி விழுந்துவிட்டது.

படிவத்தின் கடைசியில்
வேறு அவதானிப்புகள் என்றொரு கட்டம்,
விரல் ஒன்றரை அகலம்.
அதில் அவள் சொன்னதை எழுதலாம்.
பைல் சுமக்கிற பியோன் அவருக்கு மச்சான்.
எழுதாமலும் விடலாம்.
விசாரணை முடியவில்லை என்று மட்டும் எழுதி
லாச்சியின் அடியில் வைத்தேன்,
துணிச்சல் இல்லாதவர்களின் லாச்சி அது.

எட்டாம் நாள் ஆனை திரும்ப வந்தது.
இந்தத் தரம் குசினி.
இரண்டு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு
விடியும்வரை கோயில் மதிலோடு நின்றாளாம்.
அவர் கந்தோருக்கு வந்து
உடைந்த சட்டித் துண்டை என் மேசையில் வைத்தார்.
"அடிச்சிச் செத்திருந்தா
உங்கட பேனையா வந்து பொறுப்பெடுக்கும்?"
வரிசையில் நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
அவர் கேட்டது நியாயம்.
அதே கேள்வியைத்தான் நானும்
மறுபக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மண்டூரில் வாடகை அறை எனக்கு.
வயல் தாண்டி இரவில் வெடி கேட்கும்.
ஆனைவெடியா வேறா என்று
இந்தத் தூரத்தில் பிரித்தறிய ஏலாது.
எழும்பி இருந்து
நாய் குலைக்கிறதா என்று கேட்கிறேன்.
பைல் இன்னும் லாச்சியில்.
சட்டித் துண்டை அதன்மேல் வைத்திருக்கிறேன்,
கரி அப்பிய பக்கம் கீழே.