சேற்றுப்புண்

பூலியில் அதிகாலை மூன்றரை.
இடுப்புக்கு மேல்வரை ரப்பர் உடை,
நெற்றியில் விளக்கு.
நானும் சுகார்த்தியும் வயலுக்குள் இறங்குகிறோம்.
தவளைகள் கொஞ்சம் வாயை மூடுகின்றன,
பிறகு எங்களை மறந்துவிடுகின்றன.

இந்தப் பயிருக்கு ஒரு நோய்.
அது இல்லாத வருடம் எங்களுக்குச் சம்பளம் இல்லை.

தண்டுக்குள் பூசணம்.
யாரும் கண்ணால் பார்த்ததில்லை.
போன வருடத்துத் தூரைப் பிளந்து நட்டபோது
கூடவே வந்தது,
அதற்கு முந்தின வருடமும் அப்படியே.
கதிர் தள்ள வேண்டிய இடத்தில்
சம்மணமிட்டு உட்கார்ந்து
செடியின் காதில் வேறென்னவோ சொல்கிறது.
செடி நம்பிவிடுகிறது.
பூக்க மறந்து
அடித்தண்டில் பருக்கிறது.
உறையை உரித்தால் வெள்ளை வெளேர்.
சந்தையில் இதற்கு அழகியின் கால் என்று பெயர்.

என் காலை யாரும் அப்படிச் சொன்னதில்லை.
எட்டு வருடமாய் ரப்பருக்குள் வேர்த்து ஊறி
விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்.
இதுவும் பூசணம்தான் என்றார் மருந்துக்கடைக்காரர்.
செடிக்கு வந்தால் கிலோ தொண்ணூறு.
எனக்கு வந்தால் களிம்பு நூற்றெண்பது.
இதைச் சொன்னதும் சிரித்த சிரிப்பில்
சுகார்த்தி வயல்தண்ணீரைக் குடித்துவிட்டாள்.

முதலாளியம்மா யோவ் லி-ச்சுன்
வரப்பில் ஸ்கூட்டரை நிறுத்திக் கத்துவாள்:
"ஆ-ருங், ஒல்லியாய் நெட்டையாய் நிற்கிறதே, அது ஆண், பிடுங்கு!"
ஞூங் என்ற என் பெயர்
அவள் வாயில் அப்படித்தான் வரும்.
ஆண் என்றால் ஆணில்லை.
நோய் தொற்றாதது.
இது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று.
அதுவரை எத்தனை நல்ல செடியைப் பிடுங்கினேனோ,
நல்ல என்ற சொல்லையும் இங்கே
கொஞ்சம் பார்த்துத்தான் போடவேண்டும்.

மதகு மூலையில் ஒன்றை விட்டுவைத்தேன்.
பாவம் பார்த்து இல்லை.
விட்டால் என்ன செய்யும் என்று பார்க்கத்தான்.
தலைக்கு மேல் போயிற்று.
துடைப்பத்தைக் கவிழ்த்த மாதிரி பூத்தது.
பிறகு, ஊசி ஊசியாய்க் கறுத்த மணி.
ஒரு காலத்தில் இதைச் சோறாக்கித் தின்றார்களாம்,
காய்கறி லாரி ஓட்டுபவர் சொன்னார்.
அவர் நிறையச் சொல்வார்.

முப்பத்தொன்று தேறியது, மற்றதெல்லாம் பதர்.
ஒன்றை மென்றேன்.
புல், அப்புறம் வெகுநேரம் கழித்து
லேசாய் ஏதோ பால்.

அந்த வேடிக்கையில் மதகோரத்து வரிசையை
இரண்டு நாள் தாமதமாய் அறுத்தோம்.
முதல் தண்டைக் குறுக்கே வெட்டியதும்
உள்ளே எள்ளு தூவினாற்போல் கறுப்பு.
கான் தோவில் நெல்லுக்குக் கரிப்பூட்டை வந்தால்
என் அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார்.
இங்கே அதே கரி
நாள் தப்பினால் மட்டும் குற்றம்.
பூசணத்துக்கும் பிள்ளைகுட்டி வேண்டுமே;
நாங்கள்தான் அதற்குள் அரிவாளோடு போய்விடுகிறோம்.
பாவம், இரண்டும்தான்.

லி-ச்சுன் திட்டவில்லை.
கறுத்ததைத் தனிக்கூடையில் எறிந்து
"உங்களுக்கு" என்றாள்.
மதகு மூலைக்குத் தானே இறங்கிப் போனாள்,
செருப்போடு,
வேரோடு இழுத்தபோது அவளும் கூடச் சாய்ந்தாள்.
நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம்.

ராத்திரி முட்டை உடைத்துப் போட்டு வதக்கினோம்.
கறுப்புக்கு ருசி ஒன்றுமில்லை,
பல்லில்தான் ஒட்டுகிறது.
வெளியே வயல் முழுக்க மஞ்சள் விளக்கு.
இருட்டிவிட்டது என்று பயிருக்குத் தெரியக்கூடாதாம்.

முப்பது மணியும் களிம்பு டப்பாவின் மூடியில்.
ஈரம் படக்கூடாதென்று சன்னலில் வைத்தேன்.
பிறகு அலமாரியில்.
பிறகு என் தலையணைக்கடியில்.
சுகார்த்தி திரும்பிப் படுத்தபடி கேட்கிறாள்,
நடப்போகிறாயா?

எங்கே.

கால் அரிக்கிறது.